மார்பின் ஒரு பாதி

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் தென்கரையில் கைஸ் ஆஸ்பத்திரி என்னும் பழைய வைத்தியசாலை ஒன்று உண்டு. புத்தக வியாபாரத்திலும் பங்குப் பத்திரங்களிலும் பெரும்பொருள் ஈட்டிய தாமஸ் கை என்பவர் 1721-ஆம் ஆண்டில் நிறுவிய தர்ம ஸ்தாபனம் அது. அந்தப் பெயர் தமிழ்க் காதுக்கு நம் கையை நினைவூட்டும். இன்று சொல்லப்போகும் வரலாற்றிலும் ஒரு கை வருகிறது. ஆதலால் நேயர்கள் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள்.

1841-ஆம் ஆண்டில் அந்த ஆஸ்பத்திரியின் பிரேத ஆய்வுக் கூடத்தில் ஆல்பிரட் போலந்து என்ற இளம் மாணவர் ஓர் உடலை அறுத்துக்கொண்டிருந்தார். போலந்து தேசத்துக்கும் இவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது அவருடைய குடும்பப் பெயர். மேசைமேல் கிடந்தது இருபத்தேழு வயதில் இறந்த ஒரு தண்டனைக் கைதியின் உடல். இடப்புற மார்பில் தோலை விலக்கிப் பார்த்த மாணவருக்கு வியப்பு உண்டாயிற்று. அங்கே இருக்க வேண்டிய பெரிய மார்புத்தசையில் காறையெலும்பிலிருந்து இறங்கும் மேற்பகுதி மாத்திரம் இருந்தது. மார்பெலும்பிலிருந்தும் விலாவெலும்புகளிலிருந்தும் புறப்பட வேண்டிய பெரும்பகுதி அறவே இல்லை. அதன் அடியில் கிடக்கும் சிறிய மார்புத்தசையோ முழுவதுமே இல்லை.

அது வெட்டுப்பட்ட காயத்தின் விளைவன்று, நோயால் தேய்ந்ததுமன்று. பிறக்கும்போதே இல்லாமற் போனது. போலந்து தாம் கண்டதை எழுதி, படமும் சேர்த்து, அந்த ஆஸ்பத்திரி வெளியிட்டு வந்த அறிக்கைத் தொகுதியில் அவ்வாண்டே அச்சிட்டார். உயிரோடிருந்த காலத்தில் அம்மனிதரால் இடக்கையை மார்பின் குறுக்கே கொண்டுவர முடியவில்லை என்ற ஒரு செய்தியும் அதில் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அவர் தம் உடலைப் பற்றி என்ன நினைத்தார், சட்டையைக் கழற்ற நேர்ந்தபோது நாணினாரா, தொழிலில் இடக்கையின் வலுக்குறைவு அவரைப் பாதித்ததா என்பவற்றை அறிக்கை கேட்கவில்லை. பிரேதத்திடம் எவ்வாறு கேட்பது என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் அந்த மௌனம் பிரேதத்தோடு நின்றுவிடவில்லை. உயிரோடிருந்தவர்களிடத்தும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. இவ்வுரையின் பொருளே அதுதான்.

ஒரு கைதியின் உடல் மாணவர் மேசைக்கு வந்தது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களே உடற்கூற்று ஆசிரியர்களுக்கு உரியவை. அவை போதவில்லை. கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களைத் திருடி விற்கும் தொழில் செழித்தது. அந்நாளைய லண்டன் அறுவை மருத்துவர்களில் தலைசிறந்தவரும் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவருமான சர் ஆஸ்ட்லி கூப்பர், தாம் விரும்பினால் எத்தகைய அந்தஸ்து உடையவரின் உடலையும் பெற்றுவிட முடியும் என்று 1828-இல் பார்லிமெண்டுக் குழுவின் முன் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அதே ஆண்டில் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் பிணத்துக்காக மனிதர்களையே கொன்று விற்றது வெளிப்பட்டது. நாடு பதறிப்போய் 1832-இல் புதிய சட்டம் இயற்றிற்று. ஏழைகள் விடுதியிலும் சிறையிலும் ஆஸ்பத்திரியிலும் இறந்து, உரிமை கோர எவரும் வராத உடல்கள் அச்சட்டத்தின்படி வைத்தியப் பள்ளிகளுக்குச் சென்றன. பிணத்திருட்டு ஒழிந்தது, ஆனால் அறிவியலுக்கு உடல் கொடுக்கும் பாரம் ஏழையின் தலைமேல் ஏறிற்று. நம் கைதியின் மார்பு மருத்துவ நூல்களுக்குள் புகுந்த வாயில் இதுவே.

இன்னொரு பொருத்தத்தையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. சர் ஆஸ்ட்லி கூப்பர் மார்பகத்தின் உடற்கூற்றைப் பற்றிப் பெரிய நூலொன்றை 1840-இல் வெளியிட்டார். மார்பகத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய இழைநார்களை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறார்கள். மறு ஆண்டில் அவர் காலமானார். அதே 1841-இல், அவர் பேர்பெற்ற அதே வைத்தியசாலையில், மார்புத்தசை இல்லாத உடலொன்றை ஒரு மாணவர் அறுத்துப் பார்க்கிறார். முழுமையான மார்பகத்தை ஆசிரியர் எழுதி முடித்தவுடனே குறைபட்ட மார்பை மாணவர் எழுதத் தொடங்கினார் என்று சொன்னால் அலங்காரமாக இருக்கும். உண்மையில் இருவருக்கும் இடையே அப்படியொரு திட்டம் ஏதுமில்லை. காலம் அவ்வாறு அமைந்தது, அவ்வளவே.

போலந்துதான் இதை முதலில் கண்டவரா? அல்லர். பிரான்சு நாட்டில் லாலமான் என்பவர் 1826-லேயே மூன்று விலாவெலும்புகள் பிறவியில் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். ஏதோ விபத்தில் நெஞ்சு உள்ளே அமுங்கிப்போனது போல அது தோற்றமளித்தது என்பது அவர் குறிப்பு. ஜெர்மனியில் பிரோரிப் என்பவர் 1839-இல் வெளியிட்ட குறிப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் தலைப்பே மார்பகச் சுரப்பி இல்லாமை என்பதுதான். ஒரு பெண்ணின் ஒரு பக்கத்து மார்பகம் உருவாகாமலே இருந்ததையும், அதனடியில் தசையும் விலாவும் குறைந்திருந்ததையும் அவர் பதிவுசெய்தார். போலந்தின் அறிக்கைக்கு இரண்டு ஆண்டு முந்தியது அது. ஆக, பெண்ணின் மார்பகக் குறையைப் பற்றிய எழுத்து முதலில் வந்தது. ஆணின் தசைக்குறையைப் பற்றிய எழுத்து பின்னால் வந்தது. பெயர் நிலைத்ததோ பின்னால் வந்ததற்கு.

அந்தப் பெயர் நிலைத்த கதை விசித்திரமானது. கைதியின் இடக்கையில் விரல்கள் குட்டையாயும் சவ்வினால் இணைந்தும் இருந்தன. அக்கையைப் பற்றி அறிக்கை விரித்துப் பேசவில்லை. கையை மாத்திரம் ஆஸ்பத்திரியின் காட்சிச்சாலையில் பாதுகாத்து வைத்தார்கள். போலந்து பிற்காலத்தில் அறுவை மருத்துவரானார், கண் சிகிச்சையிலும் பேர் பெற்றார், 1872-இல் இறந்தார். இளமையில் தாம் எழுதிய சில பக்கங்களால் தம் பெயர் நிலைபெறும் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை. பிறகு 1962-இல், அதே கைஸ் ஆஸ்பத்திரியில் கை விரல்களையும் உறுப்பு வடிவங்களையும் சீர்செய்யும் அறுவை மருத்துவரான பாட்ரிக் கிளார்க்சன், ஒட்டுவிரலோடு பிறந்த தம் நோயாளிகள் சிலருக்கு அதே பக்கத்தில் மார்புத்தசையும் குறைந்திருப்பதைக் கவனித்தார். பழைய அறிக்கைத் தொகுதிகளைப் புரட்டினார்; போலந்தின் கட்டுரை அகப்பட்டது. காட்சிச்சாலையில் தேடினார், அந்தக் கையும் அகப்பட்டது! நூற்றிருபது ஆண்டுக்குமுன் ஒரே உடலிலிருந்து பிரிந்த செய்தியும் கையும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. தமது ஆஸ்பத்திரியின் பழைய மாணவருக்கு மரியாதையாகக் கிளார்க்சன் அந்தத் தொகுதிக்குப் போலந்தின் பெயரைச் சூட்டினார்.

1977-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்க் ரேவிச் இப்பெயரின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தார். முன்னரே எழுதியோர் இருக்க, ஒரு மாணவரின் பெயரை வைத்தது தகுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. கேள்வி சரிதான், பெயரோ மாறவில்லை. வழக்கில் ஊன்றிய பெயரை நியாயம் பெயர்ப்பது அரிது. அறிக்கையில் கைதியின் பெயரும் இருக்கிறது. அதைச் சூட்டலாமே என்று எவருக்கும் தோன்றவில்லை.

இனி, இக்குறை எவ்வாறு நேர்கிறது என்று பார்ப்போம். கருவின் ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் அக்குள் முதல் தொடையிடுக்கு வரை உடலின் இருபுறமும் தோலில் மெல்லிய மேடு ஒன்று ஓடுகிறது. பால்வரை என்று அதைச் சொல்லலாம். நாய், பன்றி முதலிய விலங்குகளில் அந்த வரை நெடுகிலும் மடிகள் அமைகின்றன. மனிதக் கருவிலோ மார்பில் உள்ள பகுதி தவிர மற்றது மறைந்துவிடும். மறைய வேண்டியது மறையாமல் நின்றால், அக்குளிலோ மார்பகத்தின் கீழோ மிகையான காம்பு அல்லது சுரப்பி தோன்றும். நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை அத்தகைய மிகையோடு பிறக்கிறார்கள். நிற்க வேண்டியதும் சேர்ந்து மறைந்துவிட்டால் மார்பகம் தோன்றாமலே போகும். இது மிக அரிது.

மிகை என்றதும் மதுரை நேயர்களுக்குத் தடாதகைப் பிராட்டியின் கதை நினைவுக்கு வந்திருக்கும். வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு தோன்றிய குழந்தையைக் கண்டு மலயத்துவச பாண்டியன் வருந்த, இவளை ஆண்மகவைப் போல வளர்த்து முடிசூட்டுவாயாக, கணவனைக் காணும்போது ஒரு தனம் மறையும் என்று அசரீரி கூறிற்று. திருவிளையாடற் புராணம் கூறும் வரலாறு அது. புராணத்துக்கு உடற்கூற்றால் உரை எழுதப் புகுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். கதையில் தந்தைதான் வருந்துகிறான். மகள் வாளேந்தித் திக்குவிசயம் புரிகிறாள். மார்பு பிறரைப்போல் இல்லாத ஒரு பெண்ணைப் பட்டத்துக்கு உரியவளாகக் கற்பனை செய்த ஊர் நம்முடையது.

போலந்து கண்ட குறைக்கு வேறொரு விளக்கம் சொல்லப்படுகிறது. அதே ஆறாவது வார அளவில் கருவின் கைமொட்டும் மார்புச் சுவரும் அருகருகே இருந்து வளர்கின்றன. இரண்டுக்கும் இரத்தம் தருவது காறையெலும்பின் அடியில் செல்லும் தமனி. அந்தத் தமனியிலோ அதன் கிளைகளிலோ இரத்த ஓட்டம் சிறிது காலம் தடைப்பட்டால், அதற்கு உட்பட்ட தசை, விலா, மார்பகம், விரல் ஆகியவை அதனதன் அளவுக்குக் குன்றிப்போகலாம். பாவிங்க், வீவர் என்னும் இருவர் 1986-இல் இக்கருத்தை விரித்து வெளியிட்டனர். பெரும்பாலோர் இன்றளவும் ஏற்பது இதையே. ஏறத்தாழ முப்பதாயிரம் பிறப்புக்கு ஒன்று என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். கணக்குகள் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகின்றன. ஆண்களிடத்தும் வலப்பக்கத்தும் அதிகமாகக் காணப்படுகிறது. மிகப் பலருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாமலே வருகிறது.

இதைச் சற்று வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தையின் உடலில் எந்தக் குறை கண்டாலும் நம் நாட்டில் முதலில் விசாரணைக்கு உள்ளாகிறவள் தாய். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தியைத் தொட்டாயா, எதைத் தின்றாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். தான் கர்ப்பவதி என்பதையே ஒருத்தி நிச்சயமாக அறியாத வாரங்களில், நூல் அளவுகூட இல்லாத ஒரு தமனியில் நேர்ந்த தடைக்கு அவள் எவ்வாறு பொறுப்பாவாள்? கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறவிக் குறையுள்ள பெண் பருவமெய்தும் வரையில் வீட்டாருக்குச் செய்தியே தெரியாமல் இருப்பதும் உண்டு. ஒரு பக்கம் வளர்கிறது. மறு பக்கம் வளரவில்லை. அப்போதுதான் தெரிகிறது; தெரிந்ததும் மறைக்கப்படுகிறது. தாவணியின் மடிப்பும் துணிச் சுருளும் வேலை செய்கின்றன. மகள் தாயிடம் சொல்வதில்லை. தாய் தகப்பனிடம் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு வரும்போது அந்த மௌனம் பயமாக மாறுகிறது. ஒரு பக்கத்து மார்பகம் இல்லாத பெண்ணும் கருத்தரிக்கலாம், மறுபக்கத்தால் குழந்தைக்குப் பாலூட்டலாம் என்ற சாதாரண உண்மையைக்கூட அந்த மௌனம் மறைத்துவிடுகிறது.

சீர்செய்யும் முயற்சி எப்போது தொடங்கிற்று? மார்பின் வடிவை மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ரண சிகிச்சையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று ஆண்களைப் பற்றியது! ஏழாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய ஈஜினா தீவின் பால் என்ற வைத்தியர், ஆணின் மார்பு பெண்ணினது போல் பெருத்தால் அது பெண்மையின் பழிப்பைத் தருவதால் அறுத்துக் குறைப்பது தகும் என்று எழுதி, பிறைவடிவில் கீறும் முறையையும் விளக்கினார். அரபு வைத்தியப் பெரியாரான அல்-சஹ்ராவி பின்னர் அதைத் தம் நூலில் எடுத்துரைத்தார். உடல் நோகாவிட்டாலும் பழிப்பு நோகச் செய்யும், அதற்கும் வைத்தியம் உண்டு என்று அப்பழங்காலத்திலேயே ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குறைப்பது எளிது, இல்லாததை உண்டாக்குவது அரிது. அதற்கு வேண்டிய அடிப்படைத் தந்திரம் நம் நாட்டிலிருந்து போயிற்று. அறுந்த மூக்குக்குப் பதிலாகத் தோலை மடலாக எடுத்து, அதன் காம்பு உயிரோடு தொடர்ந்திருக்கும்படி விட்டு, புதிய இடத்தில் பொருத்தும் முறை சுசுருத சம்ஹிதையில் உண்டு. புனா நகரத்தின் அருகே ஒருவருக்கு நெற்றித் தோலால் இவ்வாறு மூக்கு அமைத்த செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளியாயிற்று. அதை ஆதாரமாகக் கொண்டு கார்ப்யூ என்பவர் 1814-இல் லண்டனில் முதல் சிகிச்சை செய்து 1816-இல் நூல் எழுதினார். காம்பறாத மடல் பிழைக்கும், காம்பறுந்த மடல் சாகும் என்ற அந்தப் பாடமே பின்னால் மார்பகச் சீரமைப்புக்கும் அடித்தளமாயிற்று.

1895-இல் ஹைடல்பெர்க் நகரின் செர்னி என்ற பேராசிரியர், கட்டியை நீக்கியதால் ஒரு பக்கத்து மார்பகத்தை இழந்த பாடகி ஒருத்திக்கு, அவளுடைய இடுப்புப் புறத்தில் இருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து மார்பில் வைத்து வடிவைச் சமன்செய்த செய்தியை வெளியிட்டார். அழகான யோசனை. பிறகு வந்ததோ அவசர யோசனை. உருக்கிய பாரபின் மெழுகை ஊசியால் உடலுக்குள் செலுத்தினால் வேண்டிய இடத்தில் வேண்டிய மேடு உண்டாகும் என்று அந்நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் தொடங்கிய பழக்கம் பல தேசங்களுக்கும் பரவிற்று. சில ஆண்டுகளில் மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிபட்டது, புண்ணாயிற்று. மெழுகை வெளியே எடுக்க மார்பையே எடுக்க நேர்ந்தவர்களும் உண்டு. மறைத்து வாழ்ந்தவர்களின் ஆவலே இந்த வியாபாரத்துக்கு முதலாக இருந்தது என்பது என் எண்ணம். வெளிப்படையாகக் கேட்க முடியாதவன் தீர விசாரிக்கவும் முடியாது.

இத்தாலியில் தன்சினி என்ற பேராசிரியர் மெதுவாகவும் சரியாகவும் சென்றார். புற்றுநோய்க்காக மார்பகத்தை அறுத்த இடத்தை மூட முதுகுத் தோலை மடலாகத் திருப்பினார். மடலின் நுனி சில சமயம் அழுகிற்று. தோலுக்கு இரத்தம் அடியிலுள்ள தசையின் வழியாக வருகிறது என்பதை உணர்ந்து, முதுகின் அகன்ற தசையையும் தோலோடு சேர்த்தெடுத்து அக்குள் வழியாக முன்னே கொணரும் முறையை 1906-இல் வெளியிட்டார். மடல் பிழைத்தது. எனினும் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட், புற்றுநோய் அறுவைக்குப் பின் அந்த இடத்தை மடலால் மூடலாகாது என்று உறுதியாகச் சொன்னார்; அவர் சொல் வேதவாக்காயிருந்த காலம். தன்சினியின் முறை மறக்கப்பட்டது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 1970-களின் நடுவில், ஜெர்மனியில் ஒலிவாரி முதலியோர் அதே தசையை மீண்டும் கையாண்டார்கள். மார்புத்தசை இல்லாமற் பிறந்தவர்களுக்கு இது பெரும்பேறாயிற்று. ஏனெனில் முதுகுத் தசையை முன்னே கொணர்ந்தால் இல்லாத தசையின் இடம் நிரம்புவதோடு, அக்குளின் முன்மடிப்பும் உருவாகிறது. சிலருக்கு அந்த முதுகுத் தசையும் பிறவியிலேயே குன்றியிருக்கும். ஆதலால் முதலில் அதைச் சோதித்துக்கொள்வார்கள்.

சிலிகோனின் கதை பெரும்பாலோர் அறிந்தது; சுருங்கச் சொல்கிறேன். டெக்ஸாஸ் மாகாணத்தின் ஹூஸ்டன் நகரில் கெரோ, குரோனின் என்னும் இருவர் சிலிகோன் கூழ் நிரப்பிய பையை 1962-இல் முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பில் வைத்தார்கள். கைதியின் கையைக் கிளார்க்சன் கண்டெடுத்ததும் அதே ஆண்டுதான். இரத்தம் சேமிக்கும் பையைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து கெரோவுக்கு அந்த எண்ணம் பிறந்தது என்பர். முப்பதாண்டுகள் பை தாராளமாக விற்றது; பின்னர் கசிவும் இறுக்கமும் வழக்குகளும் எழுந்தன. 1992-இல் அமெரிக்க அரசு அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி, 2006-இல் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. சொரசொரப்பான மேலுறை கொண்ட சில பைகளைச் சூழ்ந்து அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது பின்னர் தெளிவாயிற்று. அத்தகைய ஒரு தயாரிப்பு 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பை ஆயுளுக்கும் நிலைப்பதன்று. மறு அறுவை வேண்டியிருக்கலாம். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் அறுப்பது ஏமாற்று.

செர்னியின் கொழுப்பு யோசனைக்கும் மறுபிறவி உண்டு. வயிற்றிலோ தொடையிலோ உள்ள கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி, சிறு சிறு துளிகளாக மார்பில் செலுத்தும் முறையை 1987-இல் அமெரிக்க நிபுணர் சங்கம் கண்டித்தது. செலுத்திய கொழுப்பு கட்டிபட்டுப் புற்றுநோய்ச் சோதனையைக் குழப்பும் என்பது அவர்கள் அச்சம். படப்பிடிப்பு முறைகள் தெளிந்தபின் 2009-இல் அச்சங்கமே அந்தத் தடையைத் தளர்த்திற்று. இப்போது இளம்பெண்கள் பலருக்குச் சில மாத இடைவெளிகளில் பலமுறை கொழுப்பு செலுத்தி வடிவைச் சமன்செய்கிறார்கள். செலுத்தியதில் ஒரு பகுதி கரைந்துபோவதால்தான் பலமுறை செய்ய நேர்கிறது.

தசையும் விலாவும் சரியாக இருந்து, மார்பகம் மட்டும் அடியில் குறுகி நீண்டு வளரும் வேறொரு பிறவி வேறுபாடும் உண்டு. ரீஸ், ஆஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் 1976-இல் அதைத் தனியே பிரித்து விவரித்து, கிழங்கு போன்ற மார்பகம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். சுருங்கியிருக்கும் அடிவளையத்தைக் கீறி விரித்து, அகலம் தந்து, மேலே பிதுங்கியதை அடக்குவது சிகிச்சையின் சாரம். முறை நல்லது. பெயரைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. பதினாறு வயதுப் பெண் தன் மருத்துவச் சீட்டில் கிழங்கு என்று எழுதியிருப்பதைப் படிப்பாள் என்று அந்த அறிஞர்களுக்குத் தோன்றாதது ஏனோ? போலந்தின் கைதிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. வடிவைப் பார்த்தார்கள், வடிவுக்கு உரியவரைப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் இத்துறை யுத்தத்தின் வழியாக வந்தது. முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சீர்செய்து பேர்பெற்ற சர் ஹெரால்ட் கில்லீஸ், குழாய்போல் சுருட்டிய தோல் மடலை வயிற்றிலிருந்து கொணர்ந்து மார்பகம் அமைப்பதையும் பிற்காலத்தில் செய்துகாட்டியவர். இந்தியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் 1957-இல் உருவானபோது அந்த முதியவர் நாகபுரிக்கு வந்திருந்தார். அந்நகரின் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பாலகிருஷ்ணன் இத்துறைக்கெனத் தனிப் பிரிவு நடத்தினார். மூக்கு மடலை இங்கிருந்து பெற்றுப்போன தேசத்தின் ஆசிரியர் நூற்றறுபது ஆண்டுக்குப் பின் இங்கே வந்தது கடனைத் திருப்பியதாக ஆகுமா என்று கேட்டால், அறிவுக்கு அப்படிக் கணக்கு எழுதுவதில்லை என்றே சொல்வேன்.

இப்போது ஒரு பெண்ணோ பையனோ இக்குறையோடு வந்தால் மருத்துவர் என்ன செய்கிறார்? இரு உள்ளங்கைகளையும் மார்புக்கு முன்னே சேர்த்து அழுத்தச் சொல்கிறார். வணக்கம் சொல்வது போன்ற நிலை அது. தசை உள்ள பக்கத்தில் அக்குளின் முன்மடிப்பு கயிறுபோல் திரண்டு நிற்கும். இல்லாத பக்கத்தில் தோல் மட்டும் தொய்ந்திருக்கும். 1841-இல் அந்தக் கைதியால் மார்பின் குறுக்கே கொணர முடியாமற் போன கையையே இன்றும் முதலில் அசைத்துப் பார்க்கிறார்கள். பின்னர் மூச்சு, விலா, விரல், முதுகுத் தசை ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் உடல் வளர்ச்சி முடியும் வரையில் காத்திருக்கச் சொல்கிறார்கள். வளரும் பருவத்திலேயே மனம் மிக வாடினால், சிறிது சிறிதாக நீர் ஏற்றி விரிக்கக்கூடிய பையைத் தற்காலிகமாக வைத்து, மறு பக்கம் வளர வளர அதற்கு ஈடுகொடுக்கவும் வழி உண்டு.

அதன்பின், அறிக்கையில் போலந்து கேட்காத கேள்வியைக் கேட்கிறார்கள்: உனக்கு இது எவ்வாறு இருக்கிறது, நீ என்ன விரும்புகிறாய்? தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்கும் மருத்துவர்களும் உண்டு. அழுகை முதலில் வருவதுண்டு. பேச்சு பின்னால் வரும். சிலர் அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு போகிறார்கள். சிலர் நோயில்லை, பிள்ளை பெறலாம், யார் குற்றமுமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, நாள் குறிக்காமலே எழுந்து, வெளியே காத்திருக்கும் தாயை அழைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.